எண் எங்கிருந்து வருகிறது

(நெமிலிச்சேரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பொறியியல் மாணவர்களும் பட்டறைத் தொழிலாளர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மேசையில் சில பொருள்களைப் பரப்பி வைத்திருக்கிறேன். ஒரு பிளாஸ்க் நிறையக் கொதிநீர். விரல் நீளத்தில் பித்தளைச் சென்சார் இரண்டு. பந்தயக் காரிலிருந்து கழற்றி வந்த ஒரு திரை. அதற்குப் பின்னால் ஓர் அலுமினியப் பெட்டி. அதுதான் இன்ஜின் கம்ப்யூட்டர், பட்டறையில் நாங்கள் ஈசியூ என்று சொல்வது. பிளாஸ்க் இப்போதைக்கு மூடியே இருக்கட்டும். கடைசியில் திறக்கிறேன்.

பந்தயக் கார்களைப் பற்றி நெமிலிச்சேரியில் பேச என்ன இருக்கிறது என்று ஒருவர் என்னிடம் கேட்டார். வெளிவட்டச் சாலையில் ஏறிப் பாருங்கள் என்றேன். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அதன் முதல் கட்டம் முடிந்ததும் இரண்டாம் கட்டம் தொடங்கியதும் நம் ஊரில்தான். தெற்கே போய் நசரத்பேட்டையில் பெங்களூர் சாலைக்கு இறங்கினால் சிறிது நேரத்தில் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடம். வடக்கே போனால் சோழவரம். தமிழ்நாட்டில் மோட்டார் பந்தயம் என்றால் பல பத்தாண்டுகளாக நினைவுக்கு வரும் இரண்டு பெயர்களுக்கும் நடுவில் நாம் குடியிருக்கிறோம். மேற்கே திருவள்ளூர்ப் பக்கம் 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் தயாரானது. இந்திய ராலிகளில் பல ஆண்டுகள் மண்ணைக் கிளப்பி ஓடிய செடியாவும் அந்த ஆலையின் பிள்ளைதான். கிழக்கே ஆவடியில் டாங்கி செய்கிறார்கள், பாடியில் ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் செய்கிறார்கள். இந்தப் பக்கத்து வீடுகளில் பாதிக்குமேல், யாராவது ஒருவர் கையில் கிரீஸ் ஒட்டியிருக்கும். நான் பேச வந்திருப்பது வேற்று நாட்டுச் சங்கதி அல்ல.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் என் பெரியப்பா. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சின்னப் பட்டறை வைத்திருந்தார். சிறுவனாக இருந்தபோது சோழவரத்துக்குக் கூட்டிப்போவார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்ட விமான ஓடுதளம் அது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பந்தயங்களை நடத்தியது. பெரியப்பாவிடம் இருந்த கருவிகள்: ஒரு ஸ்பேனர் பெட்டி, ஒரு டைமிங் லைட், இரண்டு காது. பந்தயம் முடிந்த கையோடு ப்ளக்கைக் கழற்றிச் சூரிய வெளிச்சத்தில் பிடிப்பார். பிஸ்கட் நிறத்தில் இருந்தால் மிக்சர் சரி. கரி படிந்திருந்தால் பெட்ரோல் கூட. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. இன்னும் ஒரு பந்தயம் ஓடினால் பிஸ்டன் உருகும். அதைப் பார்த்து கார்புரேட்டர் ஜெட்டை மாற்றுவார். இன்ஜினுக்குள் என்ன நடந்தது என்பதற்கு அந்தக் காலத்தில் இருந்த ஒரே எழுத்து, அந்த ப்ளக்கின் நிறம்தான். அதை அவர் வாசித்தார். நான் இன்று திரையில் வாசிக்கிறேன். வாசிப்பு ஒன்றேதான் என்பது எனக்கு விளங்க இருபது ஆண்டு ஆயிற்று.

இருங்காட்டுக்கோட்டைத் தடம் 1990-இல் வந்தது. 2000-ஐ ஒட்டி, புகை விதிகள் இறுகியபோது, மாருதி 800-க்கும் எஸ்டீமுக்கும் கார்புரேட்டர் போய் இன்ஜெக்டர் வந்தது. அன்றைக்குப் பல நல்ல மெக்கானிக்குகள் கையைப் பிசைந்துகொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். திருப்பிச் சரிசெய்ய ஸ்க்ரூ இல்லை. ஜெட் இல்லை. மூடிய பெட்டி ஒன்று, அதிலிருந்து கிளம்பும் வயர்க்கூட்டம். அவ்வளவுதான்.

அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். கிராங்க் ஷாஃப்டின் முனையில் ஒரு பல்சக்கரம் இருக்கும். 36 பல் இருக்கவேண்டிய இடத்தில் 35 பல் வைத்து, ஒன்றை வேண்டுமென்றே விட்டிருப்பார்கள். அந்த இடைவெளி சென்சாரைக் கடக்கும்போது, கிராங்க் எந்த நிலையில் நிற்கிறது என்று பெட்டிக்குத் தெரிந்துவிடும். நிமிடத்துக்கு 6,000 சுற்று என்றால் நொடிக்கு 100 சுற்று. ஒரு சுற்றுக்கு 360 டிகிரி. ஆக, கிராங்க் ஒரே ஒரு டிகிரி திரும்ப ஆகும் நேரம், நொடியை 36,000 கூறு போட்டால் அதில் ஒரு கூறு. அந்தக் கணக்கில்தான் எந்த டிகிரியில் தீப்பொறி விடுவது, இன்ஜெக்டரை எவ்வளவு நேரம் திறந்துவைப்பது என்று பெட்டி முடிவெடுக்கிறது. முடிவெடுப்பதற்கு அதனிடம் ஓர் அட்டவணை இருக்கிறது. ஒரு பக்கம் இன்ஜின் வேகம், மறுபக்கம் உள்ளே போகும் காற்றின் அழுத்தம். பதினாறுக்குப் பதினாறு என்று வைத்தால் 256 கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். நாங்கள் மேப் என்பது இதைத்தான்.

ஆலையில் போட்டு வரும் மேப், காஷ்மீரக் குளிருக்கும் மே மாத வேலூர் வெயிலுக்கும், நல்ல பெட்ரோலுக்கும் சுமாரான பெட்ரோலுக்கும், புகை விதிக்கும், ஐந்தாண்டு வாரண்டிக்கும் பொதுவாக எழுதியது. அதை எழுதியவர்கள் திறமைசாலிகள். அவர்கள் வேலையில் நான் குறை காண மாட்டேன். ஆனால் பந்தயத்துக்கு நீங்கள் கேம் ஷாஃப்டை மாற்றிவிட்டீர்கள், எக்ஸாஸ்டை மாற்றிவிட்டீர்கள் என்றால், உள்ளே போகும் காற்றின் அளவே மாறிவிடுகிறது. பழைய அட்டவணை வேறு ஓர் இன்ஜினுக்கு எழுதியதாகிவிடுகிறது. அப்போதுதான் கட்டங்களைத் திறந்து நம் கையில் கொடுக்கும் பெட்டி தேவைப்படுகிறது. ஆஸ்திரேலியாவில் ஹால்டெக் 1986-இலும் மோடெக் 1987-இலும் இந்த வேலையைத் தொடங்கின. 2001 வாக்கில் அமெரிக்காவில் புரூஸ் பௌலிங், ஆல் கிரிப்போ என்ற இருவர் மெகாஸ்குவர்ட் என்று ஒன்றை, பாகங்களை வாங்கி நாமே பற்றவைத்துக்கொள்ளும்படி வடிவமைத்தார்கள். இன்று ஆர்டுயினோ பலகை மேல் ஓடும் ஸ்பீடுயினோவும் இருக்கிறது. அதன் மூல நிரலையே யாரும் எடுத்துப் படிக்கலாம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் அதற்கு வேண்டிய பலகை கிடைக்கும்.

விலை உயர்ந்த பெட்டி வாங்கினால் வேகம் தானாக வந்துவிடும் என்று நினைக்கும் தம்பிகளுக்கு ஒரு செய்தி. நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டினாரே, அந்தப் பந்தயத்தில் 2008 முதல் எல்லா அணிகளுக்கும் ஒரே ஈசியூதான். மெக்லாரன் எலக்ட்ரானிக்ஸ் செய்து கொடுத்தது. முதலில் வருபவருக்கும் கடைசியில் வருபவருக்கும் அதே பெட்டி.

இனித் திரைக்கு வருகிறேன். பெட்டியும் திரையும் பேசிக்கொள்ள முறுக்கிய இரண்டு வயர் போதும். கேன் என்று பெயர். பாஷ் நிறுவனம் 1986-இல் உலகத்துக்கு அறிவித்த முறை. வயரின் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கவேண்டும். மின்சாரத்தை அணைத்துவிட்டு மல்டிமீட்டர் வைத்தால் 60 ஓம் காட்டவேண்டும். 120 காட்டினால் ஒரு முனையில் ரெசிஸ்டர் விட்டுப்போயிருக்கிறது. திரை விட்டுவிட்டு எரிகிறது என்று வரும் வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். திரை பழுது என்று புதிதாக வாங்கியவர்கள்கூட உண்டு.

வண்ணத்திரையில் பளிச்சென்று வரும் எண்ணுக்கு ஓர் அதிகாரம் வந்துவிடுகிறது. முள் வைத்த பழைய மீட்டரில் கொஞ்சம் ஆடும், கொஞ்சம் தயங்கும். பார்ப்பவனுக்கும் ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருக்கும். திரையில் 90 என்றால் 90. யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. அந்த 90-ஐ நம்பி நான் ஓர் இன்ஜினைக் கொன்றிருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இன்று வந்தேன்.

எந்த ஆண்டு, யாருடைய வண்டி என்பது வேண்டாம். 1,300 சிசி இன்ஜின், பந்தயத்துக்கென்று தயாரித்தது. சனிக்கிழமை பயிற்சியில் தண்ணீர்ச் சூட்டைக் காட்டும் சென்சாரின் கப்ளர் உடைந்துவிட்டது. புதுப்பேட்டைக்கு ஓடினேன். கடை கடையாக ஏறி அதே மாதிரி ஒன்றைத் தேடிப் பிடித்தேன். மரை பொருந்தியது. கப்ளர் 'டக்'கென்று உட்கார்ந்தது. திரையில் எண் வந்தது. சரியாகிவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

இந்தச் சென்சார் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் அடுத்து நடந்தது புரியும். அதற்குள் இருப்பது சூடு ஏற ஏற மின்தடை குறையும் ஒரு சிறு துண்டு. 20 டிகிரியில் ஏறத்தாழ 2,500 ஓம் இருக்கும் ரகம், 80 டிகிரியில் 300 சொச்சம் ஓமுக்கு இறங்கிவிடும். சென்சாருக்கு டிகிரி தெரியாது. ஓம் மட்டும்தான் தெரியும். இத்தனை ஓம் என்றால் இத்தனை டிகிரி என்று பெட்டிக்குள் இன்னோர் அட்டவணை இருக்கிறது. எண்ணைச் சொல்வது அந்த அட்டவணைதான். கம்பெனிக்குக் கம்பெனி சென்சாரின் ஓம் கணக்கு மாறும். வெளியில் இருக்கும் பித்தளையும் மரையும் கப்ளரும் ஒன்றாகவே இருக்கலாம்.

ஞாயிறு மதியம். ஒரு சுற்று வந்து எல்லா வண்டியும் தொடக்கக் கோட்டில் நிற்கின்றன. ஏதோ தாமதம். பெரியப்பா அன்றைக்கு வந்திருந்தார். வயதாகிவிட்டது, ஒரு கைத்தடி ஊன்றி வண்டியருகே நின்றார். குனிந்து காதைக் கொடுத்தவர், "தண்ணி குமுறுதுடா, பாரு" என்றார். நான் திரையைக் காட்டினேன். "தொண்ணூறுதான் பெரியப்பா இருக்கு. தொண்ணூத்தஞ்சு ஆனா ஃபேன் தானா ஓடும்." அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஃபேன் ஓடவில்லை. பெட்டியைப் பொறுத்தவரை சூடு 90. அது எதற்கு ஃபேனை ஓட்டும்? மூன்றாவது சுற்றில் வெள்ளைப் புகை. ஹெட் கேஸ்கெட் போய், சிலிண்டர் ஹெட் வளைந்திருந்தது. ஓட்டிய பையன் ஒரு தப்பும் செய்யவில்லை. திரையைப் பார்க்கச் சொன்னோம், பார்த்தான். அவன் அப்பா வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்து அந்தப் பருவத்துக்குப் பணம் கட்டியிருந்தார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

அன்றிரவு பட்டறையில் அந்தச் சென்சாரைக் கழற்றி, கொதிக்கும் தண்ணீரில் போட்டேன். திரை 81 என்றது. கொதிக்கும் தண்ணீர் கண்ணெதிரே தளதளக்கிறது. திரை 81 என்கிறது. கோட்டில் நிற்கும்போது 90 என்று காட்டியது உண்மையில் 110-ஐ ஒட்டியிருக்கும். ரேடியேட்டர் மூடியின் அழுத்தத்தால் அதுவரை தண்ணீர் தாக்குப்பிடித்திருக்கிறது. பெரியப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "மாட்டுறதுக்கு முன்னாடி இதைச் செஞ்சிருக்கலாமேடா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அதன்பின் நான் கற்றுக்கொண்டவற்றில் முதலாவது, எர்த். ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் இங்கே இருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியும். ஆயில் பிரஷர் சென்சாரை எடுத்துக்கொள்ளுங்கள். 0 முதல் 10 பார் வரையுள்ள அழுத்தத்தை 0.5 வோல்ட் முதல் 4.5 வோல்ட் வரை என்று சொல்லும் ரகம் பரவலாகப் புழங்குகிறது. ஒரு பாருக்கு 0.4 வோல்ட். இப்போது அந்தச் சென்சாரின் எர்த்தை, ஃபேனும் ஃப்யூயல் பம்ப்பும் எர்த் ஆகும் அதே போல்ட்டில் கொண்டுபோய் முறுக்கினால், துருவும் பெயின்ட்டும் சேர்ந்து 0.2 வோல்ட் ஏறி நிற்கும். ஃபேன் ஓடத் தொடங்கியதும் திரையில் ஆயில் பிரஷர் அரை பார் கூடிவிடும். இன்ஜினில் ஒரு சொட்டு ஆயிலும் கூடவில்லை. கூடியது திரையில் மட்டும். ஆகவே சென்சார் எர்த் எல்லாம் தனி வயராக ஈசியூவுக்கே திரும்பி வரவேண்டும். வண்டியின் பாடியில் எங்கும் தொடக்கூடாது. இதை நான் பையன்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்; என் பட்டறையில் பழகியவர்களுக்கு வேறு எது மறந்தாலும் இது மறக்காது.

குறையை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் இந்தத் திரை செய்யும் நன்மைக்கு நான் துரோகம் செய்தவனாவேன். இன்னொரு வண்டி. நீண்ட வளைவில் வேகமாகத் திரும்பும்போது இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் இருப்பதெல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கும். உறிஞ்சு குழாய் காற்றை இழுக்கும். அரை நொடிக்கு பேரிங்குக்கு ஆயில் கிடையாது. முள் மீட்டர் அதைக் காட்டுவதற்குள் வளைவு முடிந்துவிடும். காட்டினாலும் ஓட்டுநரின் கண் வளைவின் மேல் இருக்கும். திரையோடு சேர்ந்த பதிவுக்கருவி நொடிக்கு 50 முறை எழுதி வைத்திருந்தது. இரவில் மடிக்கணினியில் விரித்துப் பார்த்தால், ஒவ்வொரு சுற்றிலும் அதே வளைவில், ஆயில் கோடு பள்ளத்தில் விழுந்து எழுகிறது. அம்பத்தூரில் ஒரு வெல்டரிடம் சம்ப்பைக் கொடுத்து உள்ளே தடுப்புத் தகடு வைத்தோம். அடுத்த முறை அந்தப் பள்ளம் இல்லை. பெரியப்பாவின் காதுக்கும் எட்டாதது அது. அவரே அந்தக் கோட்டை விரலால் தொட்டுத் தொட்டு வெகுநேரம் பார்த்தார்.

திரையில் எதைக் காட்டுவது என்பதிலும் ஒரு வார்த்தை. 150 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு ஏறத்தாழ 42 மீட்டர் போகிறது. அரை நொடி கண்ணைத் தாழ்த்தினால் 21 மீட்டர் பார்க்காமல் ஓட்டியதாக அர்த்தம். திரையில் இருபது எண் வைத்துத் தரச்சொல்லிக் கேட்கிறார்கள். நான் தருவதில்லை. ஓட்டும்போது கியரும், கியர் மாற்றச் சொல்லும் விளக்கும், சுற்று நேரமும் போதும். தண்ணீரும் ஆயிலும் எல்லைக்குள் இருக்கும்வரை திரை வாயைத் திறக்கக்கூடாது. எல்லை தாண்டினால் முழுத்திரையும் சிவக்கவேண்டும். மிச்சமெல்லாம் பதிவில் இருக்கட்டும். வண்டி நின்றபிறகு படித்துக்கொள்ளலாம்.

இங்கே பெற்றோர்களும் இருக்கிறீர்கள். வெளிவட்டச் சாலையில் இரவு பதினோரு மணிக்குமேல் கேட்கும் சத்தம் உங்களுக்கும் கேட்கிறது, எனக்கும் கேட்கிறது. ரீமேப் செய்துகொடுங்கள் என்று என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர் தடத்துக்குப் போகிறவர்கள் அல்ல. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, உற்பத்தியாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொன்னது. 2020 ஏப்ரல் முதல் வந்த பாரத் ஸ்டேஜ் 6 வண்டிகளில் புகையைக் கவனிக்கவே தனிச் சென்சார்கள் இருக்கின்றன. அவற்றை ஏமாற்ற மேப் எழுதினால், அந்தப் புகை பட்டாபிராமிலும் திருநின்றவூரிலும் பள்ளிக்கூட வாசலில் நிற்கும் குழந்தையின் நெஞ்சுக்குள் போகிறது. சாலையில் ஓடும் வண்டிக்கு நான் அந்த வேலையைச் செய்வதில்லை. எவ்வளவு கொடுத்தாலும் செய்வதில்லை. மறுத்துத் திருப்பி அனுப்பிய பிள்ளைகளில் இருவர் கோபித்துக்கொண்டு போய், பிறகு இருங்காட்டுக்கோட்டையில் பந்தயம் பார்க்க என்னோடு வந்தார்கள். ஒருவர் இப்போது என் பட்டறையில் வயரிங் பழகுகிறார்.

மாற்றக்கூடாது என்றுதான் சொன்னேன், படிக்கக்கூடாது என்று சொல்லவில்லை. இப்போதைய கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் உள்ள ஒரு கப்ளர் இருக்கும். அதில் ஒரு சிறு ரீடரைச் செருகினால், உங்கள் அப்பாவின் காரே தன் தண்ணீர்ச் சூட்டையும் காற்றழுத்தத்தையும் போனில் காட்டும். மீஞ்சூர் போய் வரும்வரை பதிவு செய்து, வீட்டில் வந்து கோடு கோடாகப் பாருங்கள். சுங்கச்சாவடியில் நின்ற இடம் தெரியும், மேம்பாலம் ஏறிய இடம் தெரியும். ஒரு நயா பைசா அபராதம் கிடையாது.

பொறியியல் மாணவர்களுக்கு வழி இன்னும் அகலமாகவே இருக்கிறது. கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்கு, நாடெங்கிலுமிருந்து மாணவர்கள் தாங்களே கட்டிய காரோடு வருகிறார்கள். விதிப்படி, இன்ஜினுக்குள் போகும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் துளை வழியாகத்தான் போகவேண்டும். மோட்டார் சைக்கிள் இன்ஜினை எடுத்துக்கொண்டு வந்தால், ஆலை கொடுத்த மேப் அந்தத் துளைக்கு உதவாது. 256 கட்டத்தையும் அவர்களே நிரப்பவேண்டும். ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று என்று புத்தகத்தில் படித்தது, முழு த்ராட்டிலில் ஏன் 13-க்குக் கீழே இறங்குகிறது என்பது அப்போது கைக்கு விளங்கும்.

அப்படி ஓர் அணியில் வயரிங் செய்த தங்கை ஒருவர் என்னிடம் ஆலோசனைக்கு வந்தார். தன் காரின் வயர்க்கூட்டத்தைக் கொண்டுவந்து பாயில் விரித்தார். ஒவ்வொரு வயரின் இரு முனையிலும் சின்னச் சீட்டு ஒட்டி, தமிழில் எழுதியிருந்தார்: 'தண்ணீர்ச் சூடு, ஹெட்டின் பின்புறம்', 'ஆயில் அழுத்தம், ஃபில்டருக்கு அடுத்து', 'காற்றுச் சூடு, த்ராட்டிலுக்கு முன்'. எந்த எண் என்பதோடு அது எங்கே அளக்கப்படுகிறது என்பதையும் எழுதியிருந்தார். தண்ணீர்ச் சூட்டை ரேடியேட்டரின் அடியில் அளந்தால் ஒன்று, ஹெட்டிலிருந்து வெளியேறும் இடத்தில் அளந்தால் வேறு. நான் நாற்பது வயதில் கற்றதை அந்தப் பெண் இருபது வயதில் சீட்டில் எழுதி ஒட்டியிருந்தார். நான் ஆலோசனை சொல்ல அதிகம் இல்லை. சாப்பிட்டுப் போம்மா என்று மட்டும் சொன்னேன்.

இப்போது பிளாஸ்க்கைத் திறக்கிறேன். இரண்டு சென்சார் இருக்கின்றன என்றேன் அல்லவா? ஒன்று சரியானது. மற்றது அன்றைக்கு நான் புதுப்பேட்டையிலிருந்து வாங்கி வந்தது. தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. முன்னே வந்து கையில் எடுத்துப் பாருங்கள், மரையைத் தடவிப் பாருங்கள். பிறகு ஒவ்வொன்றாக இந்தக் கப்ளரில் மாட்டி நீங்களே வெந்நீரில் விடுங்கள். பக்கத்தில் ஒரு கண்ணாடித் தெர்மாமீட்டரும் வைத்திருக்கிறேன். அந்த ஓரத்தில் நிற்கும் தம்பி, நீங்கள் திரையைப் பார்த்து எண்ணை உரக்கச் சொல்லுங்கள். தங்கை, நீங்கள் தெர்மாமீட்டரைப் படியுங்கள். தண்ணீர் ஆறிக்கொண்டிருக்கிறது, வாருங்கள்.